எதிர்த்தரப்பு

மூன்றடி அகலச் சந்து ஒன்றுக்காக ஆசீர் அன்றைக்கு மூச்சுவிடாமல் வாதாடினார். மூலப் பத்திரத்தில் சந்து யாருடைய எல்லைக்குள் வருகிறது, வீட்டு வரியை யார் கட்டினார்கள், கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் வந்து பார்த்தபோது யாருடைய சைக்கிள் அங்கே நின்றது என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் வக்கீல் தன் கோப்பை மூடினார். மூடிய கோப்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"வேற?" என்றார்.

ஆசீர் சாய்ந்த முதுகை நிமிர்த்தினார்.

அந்த "வேற?" அவருக்குத் தெரியும். கோர்ட்டில் எதிரே நின்று கேட்டிருக்கிறார். வீட்டில் குழம்பு கொதிக்கும்போது கேட்டிருக்கிறார். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கேட்டார். "டாக்டர் இன்னும் ரெண்டு தடவ மருந்து ஏத்திப் பாக்கலாம்னு சொல்லுதாரு சுகிர்தா. நல்லாயிரும்னுதான் சொல்லுதாரு" என்று அவர் இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தபோது, போர்வையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "வேற?"

அவருடைய மனைவி வக்கீல் சுகிர்தா இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது.

எதிரே இருந்தவர் சுகிர்தா இல்லை. சுகிர்தா குட்டை, நல்ல கறுப்பு, தலைக்குச் சாயம் போடாமல் கோர்ட்டுப் படி ஏறமாட்டாள். இவர் நெடுநெடுவென்று இருந்தார். நரைத்த தலையை இழுத்துக் கட்டியிருந்தார். குரலும் வேறு. பாளையங்கோட்டைப் பேச்சு மருந்துக்கும் கிடையாது. பெயர் வசந்தா என்று முதல் நாளே அறிமுகப்படுத்தியிருந்தார்கள். பெயர், முகம், குரல், அந்தச் சமரச அறை, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வேப்பமரம் எல்லாமே யந்திரம் காட்டியவைதான். ஆசீர் உண்மையில் உட்கார்ந்திருந்தது வக்கீல் சங்க நூலகத்துக்குப் பின்னால், பழைய சட்ட இதழ்களை அப்புறப்படுத்தி ஏசி மாட்டிய ஒரு சின்ன அறையில். கண்ணையும் காதையும் மூடி ஒரு பட்டை. வருஷாந்திரத் தொடர்கல்வி அப்படித்தான் நடந்தது.

"என்ன சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று வசந்தா கேட்டார்.

"வாய்தா வேணும்" என்றார் ஆசீர்.

"எதுக்கு?"

"கட்சிக்காரர்கிட்ட கேக்கணும்."

"சந்து பத்தியா, என்னைப் பத்தியா?"

ஆசீர் பட்டையைக் கழற்றினார்.

*

தொடர்கல்வி ஒரு காலத்தில் கல்யாண மண்டபத்தில் நடந்தது. தொழில் நடத்துவதற்கான சனது என்ற உரிமம் தொடர்ந்து இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு வக்கீலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்த புதிது. சென்னையிலிருந்து யாராவது வந்து மேடையில் பேசுவார்கள். முன்வரிசையில் தூக்கம், பின்வரிசையில் ஊர் வம்பு. பிரியாணி வந்ததும் வருகைப் பதிவு முடிந்துவிடும். சுகிர்தாதான் ஒருமுறை எழுந்து, "அய்யா, இதுல எங்களுக்குக் கெடச்ச ஒரே கல்வி வரிசையில நிக்கதுதான்" என்று சொல்லி மண்டபத்தையே சிரிக்கவைத்தாள்.

பிறகு யந்திரம் வந்தது. யாரும் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை. ஒரு எதிர்த்தரப்பு வக்கீலோடு உட்கார்ந்து ஒரு வழக்கைச் சமரசமாக முடிக்க வேண்டும். ஆசீருக்கு இந்த வருஷம் வந்தது அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. இவர் அண்ணனுக்கு வக்கீல், வசந்தா தங்கைக்கு. இரண்டு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மணிக்கணக்கு சேரும். மார்ச்சுக்குள் முடிக்காவிட்டால் ஏப்ரலில் சனது நிறுத்திவைக்கப்படும்.

முதலில் வந்த யந்திரத்தில் வாய்தா கிடையாது. மாநிலம் முழுக்க வக்கீல்கள் கொதித்துப் போனார்கள். வாய்தா இல்லாத வழக்கு என்ன வழக்கு, நடைமுறை தெரியாத யாரோ செய்திருக்கிறான் என்று கூட்டம் போட்டுத் தீர்மானமே நிறைவேற்றினார்கள். அதற்கப்புறம் சேர்த்துக் கொடுத்தார்கள். எத்தனை என்று அதற்கு வரம்பு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தொடர்கல்வி மையத்தைப் பார்த்துக்கொண்டவர் திலகவதி. வக்கீலுக்குப் படித்துவிட்டு, கத்திப் பேச வராது என்று இந்த வேலைக்கு வந்தவர். ஆசீர் வெளியே வந்ததும் அவர் மேசை முன்னால் நின்றார்.

"இந்த வசந்தா யாரும்மா?"

"யாரும் இல்ல சார். முன்னால இங்க உக்காந்து வாதாடுன வக்கீல்மாரோட பழக்கத்தையெல்லாம் எடுத்து ஒரு ஆளாச் செஞ்சிருக்காங்க. நாப்பது அம்பது பேரு கலந்தது. சாம்பார்ல காய் கெடக்க மாதிரி. இன்ன காய்னு பிரிக்க முடியாது."

"எனக்கு ஒரே காய்தான் ருசிக்குது."

திலகவதி அவரை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, கணினியில் தேதி பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். "வியாழக்கெழம வாரீங்களா சார்?"

*

வியாழக்கிழமை போனார். அதற்கடுத்தும் போனார். முதல் தடவை போலச் சந்தேகத்தோடு போகவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவி, கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். குமாஸ்தா உலகநாதன், "யந்திரத்துக்கு முன்னால உக்காரதுக்கு எதுக்கு சார் கோட்டு?" என்று கேட்டதற்கு, "வழக்கம்வே" என்றார்.

வசந்தா முக்கியமில்லாத ஒன்றை முதலில் விட்டுக்கொடுப்பார். "சரி சார், கிணத்தடித் துவைகல் உங்களுக்கே" என்று நகையைக் கழற்றிக் கொடுப்பதுபோலக் கொடுப்பார். முக்கியமான கேள்வி வருவதற்கு முன்னால் வேறு பக்கம் பார்ப்பார். சட்டப்பிரிவைத் தப்பாகச் சொன்னால் திருத்தமாட்டார். அதை வைத்து நீங்கள் கட்டடமே கட்டி முடிக்கும்வரை காத்திருப்பார். ஒவ்வொன்றும் ஆசீருக்கு முதுகுத்தண்டில் தெரிந்தது. அந்தக் கட்டடங்கள் இடிந்து விழுந்தபோதெல்லாம் உள்ளே இருந்தவர் அவர்.

இரண்டு பேரும் ஒரே வழக்கில் எதிரெதிராக நின்ற நாட்கள் நிறைய. கட்சிக்காரர்கள் சந்தேகப்படக் கூடாது என்று அன்றைக்கெல்லாம் அவர் ஸ்கூட்டரிலும் அவள் டவுன் பஸ்ஸிலும் போவார்கள். ஒரே அடுப்பில் வெந்த புளியோதரையை அவர் சங்கத்துக் கட்டடத்திலும் அவள் பெண் வக்கீல்கள் அறையிலும் தனித்தனியாகச் சாப்பிடுவார்கள். சாயங்காலம் வீடு திரும்பியதும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். முகம் கழுவித் துண்டெடுக்கும் முன்னாலேயே அதை அவள் மீறுவாள். "ஏங்க, மத்தியானம் அந்த ரெண்டாவது சாட்சிய எதுக்கு அப்படி வுட்டீங்க? நான் பயந்துக்கிட்டே இருந்தேன், கேட்டுருவீங்களோன்னு."

இப்போது ஆசீர் கேள்வி கேட்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. வழக்கு முடிந்தால் வசந்தா போய்விடுவார். ஒருவருடைய உத்தியைப் படித்து வைத்துக்கொண்டு அடுத்த வருஷமும் அதை வைத்தே ஜெயிக்கக் கூடாது என்பதால், முடிந்த எதிராளியை அதே வக்கீலுக்கு மறுபடி தருவதில்லை. ஆகவே ஆசீர் வாய்தா கேட்டார். கட்சிக்காரர் வெளியூர் என்றார். நகல் இன்னும் கிடைக்கவில்லை என்றார். கட்சிக்காரருக்கு வயிற்றுவலி என்றார்.

"போன தடவையும் வயித்துவலிதானே சார்" என்றார் வசந்தா. "நல்ல டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க. இல்லைன்னா நல்ல வக்கீலைப் பாக்கச் சொல்லுங்க."

ஆசீர் வாய்விட்டுச் சிரித்தார். வாய்தாவும் வாங்கிக்கொண்டார். மிச்ச நேரத்தில் பேச்சை வளர்த்தார். மழை, பஸ், புது நீதிபதியின் முன்கோபம். வசந்தா மரியாதையாகப் பதில் சொன்னார். ஆனால் வழக்கை விட்டு விலக விலக அவர் மங்கிக்கொண்டே போவதுபோல இருந்தது. "ஆமா சார்", "அப்படியா சார்" என்றார், யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியதாக. ஒரு நாள் ஆசீர் துணிந்து, "சுகிர்தா" என்று கூப்பிட்டார்.

வசந்தா கோப்பைப் புரட்டினார். "என் கட்சிக்காரி பேரு அது இல்லையே சார். சாட்சி யாராவதா?"

"இல்ல. ஒண்ணுமில்ல."

"வேற?"

*

பக்கீர் மைதீன் அவருக்கும் சுகிர்தாவுக்கும் பொதுவான நண்பர். மூவரும் ஒரே வருஷம் வக்கீலாகப் பதிவு செய்தவர்கள். கோர்ட்டு கேண்டீனில் பஜ்ஜித் தட்டை நகர்த்திவிட்டு அவர் கேட்டார்:

"என்னவே, இன்னும் ஒம்ம பாடம் முடியலையாம்? மார்ச் பொறந்து எம்புட்டு நாளாச்சு. சனது போச்சுன்னா செல்லக்கனி கேஸ யாரு நடத்துவா? ஏப்ரல்ல விசாரணைக்கு வருது. அந்தப் பிள்ள ஜீவனாம்சம் வரும் வரும்னு ஒம்ம மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கா."

"முடிப்பம்வே."

"ஒமக்கு யாரு, வசந்தாவா?"

ஆசீர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒமக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அவதான். இந்த ஜில்லாவுல பாதிப் பேருக்கு அவதான். கோவில்பட்டிப் பையன் ஒருத்தன் அழுதே போட்டானாம். நம்ம ராசு அப்படியே செஞ்சு காட்டுவான், பாத்ததில்லையா? ஏ ராசு, அந்த வசந்தாவ இங்க காட்டு."

அடுத்த மேசையிலிருந்த ராசு உடனே இரண்டு கைகளையும் பஜ்ஜித் தட்டின் மேல் வைத்து, கழுத்தைச் சாய்த்து, "வேற?" என்றான். கேண்டீனே சிரித்தது. பக்கீரும் சிரித்தார். அவருக்கு அது யாரென்று தெரியவில்லை. அவர் சுகிர்தாவைத் தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டவர், ஆனால் அவளை எதிர்த்து ஒரு வழக்குகூட நடத்தியதில்லை.

"நான் முடிவு பண்ணிட்டேன்வே" என்றார் பக்கீர். "அவ என்ன சொல்லுதாளோ அதுக்கெல்லாம் சரின்னு ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வந்திர வேண்டியதுதான். பன்னெண்டு மணி நேரம் வந்தாப் போதும். யந்திரத்துக்கிட்ட மல்லுக்கட்டி நமக்கு என்ன ஆகப்போகுது?"

ஆசீர் எழுந்து போய்விட்டார்.

*

"அது என் வீட்டுக்காரி" என்றார் ஆசீர், திலகவதியிடம். "அத ஊர் பூரா வச்சு வெளையாடுதானுவ. நான் வாரிசு. கேக்க உரிமை இருக்கு. சொல்லும்மா, அவதான?"

திலகவதி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வாரிசு கேட்டாச் சொல்லலாம் சார். ஆமா. அவங்கதான். அவங்க மட்டுந்தான்."

"நாப்பது பேரு கலந்ததுன்னு சொன்ன."

"மத்ததெல்லாம் அப்படித்தான். வருஷத்துக்குப் பன்னெண்டு மணி நேரத்துல ஒரு ஆள் பிடிபட மாட்டாங்க சார், அதான் கலக்கது. ஒருத்தர் தனியா நிக்கணும்னா நூத்துக்கணக்குல மணி நேரம் வேணும். மேடம் குடுத்தாங்க. கடைசி வருஷம்."

"கடைசி வருஷம் அவ ஆஸ்பத்திரியிலல்லா கெடந்தா."

"அங்கதான் சார். பட்டைய நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

ஆசீருக்கு ஞாபகம் இருந்தது. மத்தியான வேளைகளில் கண்ணில் பட்டையோடு சாய்ந்திருப்பாள். பாட்டுக் கேட்கிறாள், வலி மறக்கட்டும் என்று நினைத்து, அவர் சத்தம் போடாமல் வெளியே வந்து வராண்டாவில் உட்கார்ந்துகொள்வார்.

"எனக்காகவா?" என்று கேட்டார். "நான் ஒத்தையில கெடப்பேன்னா இதச் செஞ்சா?"

திலகவதி மேசைமேல் கிடந்த பட்டையைத் திருப்பி வைத்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்ததுபோல இருந்தது.

"நானும் கேட்டேன் சார், இனி சனது எதுக்கு மேடம், ரெஸ்ட் எடுங்களேன்னு. அவங்க சொன்னது இதுதான். 'இங்க வாரவ பூரா சாப்பிட்டியா, வலிக்கா, தூங்குனியான்னு கேக்காவ. நான் என்ன சொன்னாலும் சரி சரிங்காவ. எங்க வீட்டுக்காரரு முந்தி நான் வாயத் தெறந்தாலே ஆட்சேபணைன்னு எந்திரிப்பாரு. இப்ப அவரும் சரிங்காரு. இதுக்குள்ளதான் திலகா, ஒருத்தனாவது என்னைய எதுத்துப் பேசுதான்.' அதான் சார் சொன்னாங்க."

ஆசீர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேண்டாம்னு நெனச்சா வாரிசு எடுத்திரலாம் சார்" என்றார் திலகவதி. "நீங்க சொன்னா வசந்தா எங்கயும் இருக்க மாட்டாங்க. யாரும் நடிச்சுக் காட்ட மாட்டாங்க. இல்ல, இருக்கட்டும்னா நீங்க வழக்க முடிச்சுட்டுப் போகலாம். அதுக்கப்புறம் உங்களுக்கு அவங்க வர மாட்டாங்க."

"முடிக்கலன்னா?"

"சனது நிறுத்திருவாங்க. ஆனா முடிக்காத கோப்பு திறந்தேதான் கெடக்கும். சனது நின்னவங்களும் இங்க வந்து பாக்கிய முடிக்கலாம், அதுக்குத் தடை கெடையாது." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தார்.

ஆசீர் வீட்டுக்கு நடந்தே போனார். ஸ்கூட்டர் கோர்ட்டு வாசலில் நின்றது என்பது முருகன்குறிச்சி வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு வயது அறுபத்தி மூன்று. செல்லக்கனியின் வழக்குக் கட்டைப் பக்கீரிடம் ஒப்படைத்துவிடலாம். பக்கீர் மோசமாக நடத்தமாட்டார், நன்றாகவும் நடத்தமாட்டார். சனது போனால் என்ன? தினமும் கோட்டை மாட்டிக்கொண்டு போய், ஒரு வாய்தா கேட்டு, ஒரு "வேற?" கேட்டுவிட்டு வரலாம். சாகிறவரை அந்த வழக்கு முடியாது.

வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் தீர்மானித்துவிட்டார். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

*

மார்ச் கடைசி நாளன்று அவர் மையத்துக்குப் போனது, தேதி தாண்டிப் போக இன்னொரு வாய்தா வாங்கத்தான்.

சமரச அறையில் வேப்பமரம் அசைந்தது. வசந்தா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"கட்சிக்காரர் வரல. ஒரு வாய்தா..." என்று ஆரம்பித்தார் ஆசீர்.

"ஆட்சேபிக்கறேன்" என்றார் வசந்தா.

இதுவரை அவர் ஆட்சேபித்ததில்லை. கிண்டல் செய்துவிட்டு விட்டுவிடுவார்.

"உங்க கட்சிக்காரருக்கு வீடு வேணுமா, வழக்கு வேணுமா சார்?"

"என்ன கேள்வி இது?"

"பதில் சொல்லாட்டிப் பரவாயில்ல. இத்தனை வாய்தா ஒருத்தர் வாங்கினா அவருக்கு வீடு வேணாம்னு அர்த்தம். தங்கச்சி கோயம்புத்தூர்ல இருக்கா. வழக்கு இல்லைன்னா இந்த ஊருக்கு அவ எதுக்கு வரப்போறா? ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர்றா. அண்ணன் வராண்டாவுல தூணோரமா நின்னு அவளையே பாத்துக்கிட்டு நிக்கறார். கிட்ட வர்றதில்ல, பேசறதில்ல. பாத்தாப் போதும் அவருக்கு. என் கட்சிக்காரி சொன்னா."

யந்திரம் ஆசீரின் வாய்தாக்களை அடுக்கி அதிலிருந்து ஒரு அண்ணனைக் கண்டுபிடித்திருக்கிறது என்று புத்திக்குப் புரிந்தது. இல்லாத அந்த அண்ணன் அவருக்குள்ளே தூணோரமாக நின்றுகொண்டிருந்தான்.

"இருந்தா என்ன தப்பு?" என்றார் மெதுவாக. "பாத்துக்கிட்டு நிக்கதுல யாருக்கு என்ன நட்டம்?"

வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பினார். வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அவளுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கீங்களா?"

ஆசீரும் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"லீவு போட்டு, ரயில் ஏறி வர்றா. பழைய சீலையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு நல்லதாக் கட்டிக்கிட்டு வர்றா. அவ வீட்டுக்காக வரல சார். அண்ணன் இன்னிக்காவது நேர்ல வந்து சண்டை போடுவான், நாலு வார்த்தை திட்டுவான், நாமளும் திருப்பித் திட்டலாம்னு வர்றா. அவன் வக்கீல் எந்திரிச்சு வாய்தாங்கிறார். அவ திரும்பிப் போறா. ஒரு ஆளை இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்து வச்சுக்கிட்டா, அதுக்குப் பேரு பாசமா சார்? அது அவளைப் பூட்டி வைக்கிறது."

வராண்டாவில், மூடிய ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே தான் உட்கார்ந்திருந்தது ஆசீருக்குத் தெரிந்தது. உள்ளே பட்டையைக் கட்டிக்கொண்டு அவள் யாரோ முன்பின் தெரியாதவனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். கோவில்பட்டிப் பையன் அழுதிருக்கிறான் என்றால் அவனாவது எதிர்த்திருக்கிறான். ராசு கேலி செய்கிறான் என்றால் அவனாவது தோற்றிருக்கிறான். அவளை அறிந்த ஒரே ஒருவன் வந்து இத்தனை நாளும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறான்.

ஆசீர் கோப்பைத் திறந்தார்.

"சந்தைக் குடுக்க முடியாது" என்றார்.

வசந்தா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏன்?"

"ஏன்னா அது உங்க கட்சிக்காரிக்கு ஒருநாளும் சொந்தமா இருந்ததில்ல. நீங்க கமிஷனர் அறிக்கையில நாலாவது பத்திய மட்டும் வாசிச்சுட்டு அஞ்சாவதை மறைக்கீங்க."

"மறைக்கல சார். நீங்க வாசிக்கட்டும்னு வச்சிருந்தேன்."

"வாசிக்கேன், கேளுங்க."

அன்றைக்கு ஆசீர் வாதாடியதுபோல வருஷக்கணக்கில் வாதாடியதில்லை. பத்தி பத்தியாகப் பிரித்தார். வசந்தா நடுவில் புகுந்தார். "குறுக்கே பேசாதீங்க" என்று இவர் மேசையைத் தட்டினார். "தட்டினா சட்டம் மாறாது சார்" என்றார் வசந்தா. வசந்தாவின் மூக்குக்கண்ணாடி சரிந்தது, சரிசெய்யவில்லை. ஒரு இடத்தில் ஆசீர் விரித்த வலையில் வசந்தா கால் வைத்துவிட்டார். வைத்ததும் தெரிந்துகொண்டு, ஒரு கணம் நிறுத்தி, கோபமும் சந்தோஷமுமாக அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த முகத்தை மாட்டினாலும் மறைக்க முடியாது. அடுத்த கேள்வியிலேயே அதை வட்டியோடு வசூலித்துக்கொண்டார்.

கடைசியில் ஒப்பந்தம் இப்படி வந்தது. வீடு அண்ணனுக்கு. முன்னறை தங்கைக்கு, அதன் சாவி அவள் கையில். அவள் எப்போது வந்தாலும் அண்ணன் வாசலைத் திறக்க வேண்டும், ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது. சந்து பொது. கடைசி நிபந்தனையை வசந்தா சொன்னார்: இனி இதன் பேரில் இருவரில் யாரும் வழக்குத் தொடுக்கக் கூடாது.

"கையெழுத்துப் போடலாமா சார்?"

ஆசீர் பேனாவை எடுத்தார். கேட்பதற்கு ஆயிரம் இருந்தது. எதைக் கேட்டாலும் வசந்தா மறுபடி கோப்பைப் புரட்டித் தேடுவார். தேடவைக்க வேண்டாம் என்று தோன்றியது.

போட்டார். வசந்தாவும் போட்டார். பேனாவை மூடிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, நன்றாக ஒருமுறை மூச்சு விட்டார்.

"இத்தனை நாளும் யாரோ உங்க கோட்டை மாட்டிக்கிட்டு வந்திருக்காங்க" என்றார். "இன்னிக்குத்தான் சார் நீங்க வந்திருக்கீங்க."

வேப்பமரம் முதலில் மறைந்தது. பிறகு மேசை. பிறகு அவள்.

*

திலகவதி ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தார். ஆசீர் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வாரிசு விஷயம் என்ன செய்யட்டும் சார்?"

"இருக்கட்டும்மா. யாருக்கெல்லாம் வேணுமோ குடு. நல்லா வாதாடுதவனாப் பாத்துக் குடு, முடிஞ்சா."

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. நூலகத்துப் படியில் பக்கீர் மைதீன் உட்கார்ந்து, செருப்பில் ஒட்டிய தாரைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்பாடா. செல்லக்கனிக்காக நேர்ந்துக்கிட்டது பலிச்சிட்டுது. அடுத்து நான்தான், கடைசி ஆளு. அஞ்சு நிமிஷத்துல கையெழுத்தப் போட்டுட்டு வந்திருதேன், இரும், சேந்து போவம்."

ஆசீர் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"அஞ்சு நிமிஷத்துல வராதீரும்வே."

"ஏன்?"

"சும்மா விட்டுக்குடுத்துட்டு வராதீரும். அவ ஒண்ணு சொன்னா நீரு ரெண்டு சொல்லும். எந்திரிச்சு நின்னு ஆட்சேபிச்சுச் சண்ட போடும். நேரமானாலும் நான் இங்கனதான் இருப்பேன்."

"எதுக்குவே? யந்திரந்தான அது?"

ஆசீர் கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

"போம்வே" என்றார். "அந்த அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்."